மூன்றாம் வாசல்

ஜனிஸ் ப்ராசர் வெல்ஷ் மொழி படிக்க ஆரம்பித்து மூன்று வருடம் எழுபத்தொரு நாள் ஆனபோது, அவளை நம்பி ஒரு கதவை ஒப்படைத்தார்கள்.

வயது ஐம்பத்தெட்டு. சுவான்சீயில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவள். வீட்டில் பேசியதெல்லாம் ஆங்கிலம். 'வெல்ஷ் தெரியாத வேல்ஸ்காரி' என்று ஒரு பயணி கிண்டலடித்த அன்று சாயங்காலமே வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டாள்.

வருடாவருடம் வெல்ஷ் மொழியிலேயே நடக்கும் ஆகஸ்ட் கலை விழாவுக்குத் தொண்டராக வந்திருந்தாள். எட்டு நாள், ஒரு கூடாரம், ஒரு சபதம்: ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. சபதத்தைக் கெடுப்பவர்கள் சிடுமூஞ்சிகள் இல்லை, நல்லவர்கள்தான். அவள் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் போதும், பாவம் என்று உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் ஆணி அடிக்கச் சுத்தியல் கேட்டாள். அரை வாக்கியம் முடிவதற்குள் அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிச் சுத்தியலை நீட்டிவிட்டார். அவள் வெல்ஷில் நன்றி சொல்லிவிட்டு, நாலு ஆணிகளையும் தேவைக்கு மேல் ஓங்கி அடித்தாள்.

அந்த மனிதரே ஒரு தினுசு. நாற்பது வயதிருக்கும். முழங்கால் சேற்றில் முகாம் போட்டிருந்தவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கூடாரத்துக்குள் தொங்கவிட்டிருந்தார். பளபளக்கும் ஷூவை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார். சாப்பிடாமல் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் 'சும்மாதான்' என்றார்.

திங்கட்கிழமை, போட்டியில் ஜெயித்த கவிஞருக்குக் கிரீடம் சூட்டும் விழா. எல்லோரும் புனைபெயரில்தான் கவிதை அனுப்புவார்கள். ஜெயித்தவருக்கு மட்டும் சில வாரம் முன்பே ரகசியமாகத் தகவல் போகும். அவர் மனைவியிடம்கூட மூச்சுவிடக் கூடாது. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்து, புனைபெயரைக் கூப்பிட்டு எக்காளம் ஊதும்போது எழுந்து நிற்க வேண்டும்.

விழா அரங்கின் வாசல்களுக்கெல்லாம் பொறுப்பு டெக்வின். ஆட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவர். மொழி படிக்கிற தொண்டர்களைக் கார் நிறுத்துமிட வேலைக்கு அனுப்புவதுதான் அவர் வழக்கம். அன்று ஆள் குறைந்ததால் ஜனிஸுக்கு மூன்றாம் வாசல் கிடைத்தது.

"நாலரைக்கு மூடினா மூடினதுதான், கண்ணு. என் பொண்டாட்டியே மழையில நின்னாலும் திறக்காதீங்க. ஒழுங்கா பாத்துக்கிட்டீங்கன்னா வெள்ளிக்கிழமை நாற்காலி விழாவுக்கும் இதே கதவு. இல்லேன்னா கார்தான்."

வெள்ளிக்கிழமை இன்னொரு கவிஞருக்கு நாற்காலி பரிசளிப்பார்கள்; அதுதான் பெரிய விழா. அவள் வகுப்பிலிருந்து பதினோரு பேர் டிக்கெட் எடுத்திருந்தார்கள். தொண்டர்களின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று அவர்களை வெல்ஷில் வரவேற்க வேண்டும் என்பதற்காகவே அவள் இந்தச் சேற்றில் படுத்துக் கிடந்தாள்.

நாலரைக்குக் கதவைச் சாத்தினாள். நாலு முப்பத்தெட்டுக்கு மழையில் ஒருவர் ஓடி வந்தார். பக்கத்துக் கூடாரத்துக்காரர். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூச்சிரைக்க ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"வெல்ஷ்லயே சொல்லுங்க," என்றாள் ஜனிஸ். "நிதானமா சொன்னா எனக்குப் புரியும்."

"நான் உள்ள போகணும்."

"எல்லாரும்தான் போகணும்கிறாங்க. ஏன் லேட்டு?"

"தூங்கிட்டேன். மூணு நாளா தூக்கமே இல்ல."

"ஏன் தூக்கமில்ல?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

பஸ் வாசலில் இருபத்திரண்டு வருடம் பொய் கேட்டவள் ஜனிஸ். பொய் சொல்கிறவர்களிடம் கதை தயாராக இருக்கும்: அம்மா ஆஸ்பத்திரியில், பர்ஸ் திருட்டுப் போச்சு. இவரிடம் ஒரு கதையும் இல்லை. இஸ்திரிச் சட்டை, பளபள ஷூ, மூன்று நாள் விழிப்பு, வெளியே சொல்ல முடியாத காரணம். அந்த மைதானம் முழுக்க அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும்.

உள்ளே நடுவரின் பேச்சு முடியப்போவது கதவிடுக்கில் கேட்டது. ஜனிஸ் வெள்ளிக்கிழமையை நினைத்தாள். வகுப்புப் பதினோரு பேரையும் நினைத்தாள். பிறகு கதவை ஒரு சாண் திறந்து, அவர் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

இருக்கைக்குப் போக நேரமில்லை. விளக்குகள் அணைந்தன. 'ஈரக்கல்' என்ற புனைபெயர்க்காரர் மட்டும் எழுந்து நிற்கலாம் என்று மேடையிலிருந்து அறிவித்தார்கள். எக்காளம் முழங்கியது. பெரிய வட்ட வெளிச்சம் வரிசை வரிசையாக ஓடியது. யாரும் எழுந்திருக்கவில்லை. சலசலப்பு கிளம்பியது. மூன்றாம் வாசலில் நின்றவர், போகிற பஸ்ஸை நிறுத்துவதுபோலக் கையைத் தூக்கினார்.

வெளிச்சம் இருவர் மேலும் விழுந்தது. பெரிய திரையில் சொட்டச் சொட்ட நனைந்த ஒரு ஆணும், 'நான் வெல்ஷ் படிக்கிறேன்' என்ற பேட்ஜ் குத்திய ஒரு பெண்ணும் தெரிந்தார்கள். பாதிக் கூட்டம் அவள்தான் கவிஞர் என்று நினைத்தது. கடைசி வரிசை அம்மாள் ஒருத்தி எழுந்து வந்து, கண்ணீரோடு ஜனிஸைக் கட்டிக்கொண்டாள்.

"நான் இல்லங்க. இவரு, இவரு," என்றாள் ஜனிஸ், வெல்ஷில். அதற்கு எழுந்த சிரிப்பு அடங்கியபின்தான் கவிஞரை மேடைக்கு அழைத்துப் போக முடிந்தது. அவர் பெயர் ரோத்ரி என்பதே அங்கே அறிவித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

விழா முடிந்ததும் டெக்வின் காகிதமும் பென்சிலுமாக வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே, கதவைத் திறந்தது நான்தான் என்று சொல்லிவிட்டாள்.

"டிவி பாத்தவங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார். "திறந்தது தப்பு."

"தப்புதான்."

"திறக்காம இருந்திருந்தா?"

அவளுக்குச் சொற்கள் உடனே வரவில்லை. டெக்வின் காத்திருந்தார்; ஆங்கிலத்துக்குத் தாவவில்லை.

"கிரீடம் இருந்திருக்கும்," என்றாள் கடைசியில். "தலை இருந்திருக்காது."

டெக்வின் போட்ட சிரிப்புக்குத் தேநீர்க் கடை வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் ரோத்ரி சுத்தியலைத் திரும்ப வாங்க வந்தார். கால் மணி நேரம் நின்று வெல்ஷிலேயே பேசினார், நிதானமாக. போகும்போது சுத்தியலை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை தொண்டர் கூடாரத்தில் பட்டியல் ஒட்டியிருந்தது. செவ்வாய்: ஜனிஸ் ப்ராசர், கார் நிறுத்துமிடம், மழை அங்கி கொண்டுவரவும். வெள்ளி, மாலை நாலரை: ஜனிஸ் ப்ராசர், மூன்றாம் வாசல்.