சாட்சி சொல்ல எழுந்த ஞாயிறு

காலை ஐந்து மணி இருபது. கண் திறந்தபோது முதலில் தெரிந்தது பக்கத்துக் கட்டிலின் மெத்தை. விரிப்பை எடுத்திருந்தார்கள். அதில் கிடந்தவர் செட்டிகுளத்துப் பக்கம் வயல் செய்தவர். என்னைப் போலவே நெஞ்சுவலியோடு வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்தவர். இரவே இறந்துவிட்டார் என்று தாதி சொன்னார்.

முந்தின மாலை மனைவியின் கிறிஸ்தவ சபையார் வந்து எங்கள் இருவருக்கும் செபித்திருந்தார்கள். அரை மயக்கத்தில் இருந்த எனக்கு நெற்றியில் பட்ட கை மட்டும் நினைவிருக்கிறது. அதுவரை சபையோடு எனக்கிருந்த தொடர்பு, ஞாயிறுதோறும் மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவது.

அங்கே நோய் தேறியவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். நான் வீடு திரும்பியதும் மனைவி கேட்டார்.

"ஒருக்கா எழும்பி, கர்த்தர் சுகம் தந்தவர் எண்டு சொன்னாப் போதும்."

"அந்த மனிசனுக்கும்தானே செபிச்சவை?"

"அதைக் கர்த்தரிட்டக் கேளுங்கோ. என்னட்டக் கேட்டா?"

செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். பாதியை மறைத்துவிட்டு மீதியைச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, நடந்ததை அப்படியே சொன்னேன்: வலி, ஊசி, பக்கத்துக் கட்டில். இருவருக்கும் ஒரே செபம். அவர் இல்லை, நான் இருக்கிறேன். ஏனென்று தெரியவில்லை.

"தம்பி, ரேடியோவில செய்தி வாசிக்கிறமாதிரிக் கிடக்கு," என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

வாசலோரம் நெற்றியில் திருநீற்றோடு ஒரு பெண் எழுந்தார். இறந்தவரின் மனைவி. ஆஸ்பத்திரியில் பழகிய என் மனைவிதான் அவரை வரச் சொல்லியிருந்தார், எனக்குத் தெரியாது.

"அண்ணை, நாங்கள் சைவம். இந்தச் சபையாக்கள் செபிக்க வந்த நேரம் என்ர மனிசன் உங்களைக் கை காட்டினவர். 'அவருக்குத்தான் மூச்சு முட்டுது, அவருக்கு முதல் கேளுங்கோ' எண்டவர். என்ர மனிசன் கேட்டது நடந்திருக்கு. அதைப் பாத்திட்டுப் போகத்தான் வந்தனான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

என் கேள்விக்கு அது விடையில்லை. ஆனால் அதுவரை இந்த உயிர் எனக்குத் தற்செயலாக மிஞ்சியது என்றே எண்ணியிருந்தேன். சாகக் கிடந்த ஒருவர், பெயர்கூடத் தெரியாத எனக்காக அதைக் கேட்டிருக்கிறார். சிலுவையைப் பற்றி மனைவி பல வருடம் சொல்லி எனக்கு ஏறாதது அந்தச் சபை வாங்குப் பலகையில் இருந்தபோது விளங்கத் தொடங்கியது. அதன்பிறகு வாசலோடு திரும்பவில்லை.

ஆவணியில் ஞானஸ்நானம் எடுத்தேன். குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். என்னை இருத்தித்தான் முழுக்கினார்கள்.