மாதாவுக்குப் போன லீவ் லெட்டர்

கரோலுக்குச் சிரிப்பு வருவதற்கு நேரம் காலம் கிடையாது. கல்யாணப் பூசையில் மாப்பிள்ளை ஃபிரெட்ரிக் வாக்குறுதியைச் சொல்லிக்கொண்டே தழுதழுத்தபோது, இவள் பூச்செண்டுக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். பெண் அழுகிறாள் என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் டிஷ்யூ நீட்டினார்கள். வீடியோவை நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரியும். அடையாறில் ஒரு டிரஸ்ட் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமாக யு.கே.ஜி. டீச்சர். வேறு எந்த வேலைக்குப் போயிருந்தாலும் இந்தச் சிரிப்புக்கு மெமோ கொடுத்திருப்பார்கள். நாலரை வயசுப் பிள்ளைகளோ இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லித்தான் கேட்கும்.

அவளால் சிரிக்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை போனது. இரண்டு வருஷம் கழித்து, அதே ஐந்தாம் மாதத்தில் இன்னொன்றும் போனது. அதனால் மூன்றாவது முறை வீட்டில் எல்லாரும் பூனைபோல நடந்தார்கள். மாமியார் ஆலிஸ் ஒரு சட்டமே போட்டுவிட்டார்: ஏழு மாதம் முடிகிறவரை இந்தச் சேதியை எந்தக் காகிதத்திலும் எழுதக் கூடாது.

"பாக்குற கண்ணை நம்ம தடுக்க முடியாது. எழுதி வேற குடுக்கணுமா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சட்டம் இருந்தது. மகப்பேறு விடுப்பு வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும்; தவறினால் சம்பளமில்லாத விடுப்புதான். கரோலுக்கு டிசம்பர் ஒன்றிலிருந்து விடுப்பு வேண்டும், ஆக அக்டோபர் முப்பத்தொன்று கடைசி நாள். சம்பளத்தோடு என்றால் இருபத்தாறு வாரம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அரை வருஷம் உட்காரலாம். சம்பளம் இல்லையென்றால், லேப் டெக்னீஷியன் ஃபிரெட்ரிக்கின் வருமானத்தில் மந்தைவெளி வாடகையும் கட்டி, மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதம். அதற்குள் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு ஊரான் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லித்தரப் போக வேண்டும். இரண்டு பிள்ளைகளைக் கையில் வாங்காமலே அனுப்பியவளுக்கு அந்த அரை வருஷம் எவ்வளவு பெரிதென்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏழு மாதம் முடிந்தது அக்டோபரின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. கரோலுக்குக் கால் வீங்கியிருந்ததால், ஒரு வாரம் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் படுக்க வைத்திருந்தார். புதன்கிழமை காலையில் படுத்தபடியே இரண்டு கடிதங்கள் எழுதினாள். ஒன்று தலைமையாசிரியை ஷாகிரா மேடத்துக்கு. மற்றது சகாய மாதாவுக்கு. புதன்தோறும் மாலையில் அவர்கள் கோயிலில் நவநாள் நடக்கும். வேண்டுதலை எழுதிப் பெட்டியில் போட்டால் அடுத்த புதன் அதை வாசித்துச் சபையே சேர்ந்து செபிக்கும்.

ஃபிரெட்ரிக் முனைக்கடையில் ஒரே மாதிரி இரண்டு பழுப்பு உறை வாங்கி வந்தான். மாதாவுக்கு எழுதியதை அவன் படித்துவிடக் கூடாதென்று கரோல் இரண்டையும் ஒட்டினாள். வழியில் யார் கண்ணிலும் படக் கூடாதென்று, உறைமேல் எதையும் எழுத ஆலிஸ் விடவில்லை. கரோல் கைக்கு ஒன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

"ரைட்ல இருக்கறது ஸ்கூலுக்கு. லெஃப்ட் மாதாவுக்கு. சரியா?"

"சரி, சரி" என்றான் அவளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்த ஃபிரெட்ரிக். அவளுடைய வலது பக்கம் அவனுக்கு எந்தப் பக்கம் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அடுத்த புதன் டாக்டர் நடமாடலாம் என்றார். கரோல் முதலில் போன இடம் கோயில். வேண்டுதல் வாசிப்பவர் பவுல்சாமி, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் எதைக் கொடுத்தாலும் ஒரே ராகத்தில் வாசிப்பார்; கரண்ட் பில்லைக் கொடுத்தால்கூட நமக்குக் கண்ணீர் வரும். வேளச்சேரியில் வீடு விற்க வேண்டும், மகனுக்கு விசா கிடைக்க வேண்டும் என்று வரிசையாக வாசித்தவர் ஒரு பழுப்பு உறையைப் பிரித்தார்.

"பெறுநர், தலைமையாசிரியை அவர்கள்."

ஒரு கணம் நின்றார். ஆனால் தொடங்கியதை நிறுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பொருள், ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு கோருதல் தொடர்பாக."

"சகாய மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றது சபை.

"வணக்கம். எனக்கு வரும் டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் இருபத்தாறு வாரங்கள் விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"இணைப்பு, மருத்துவச் சான்று ஒன்று."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, கரோல் ஃபிரெட்ரிக், யு.கே.ஜி. ஆ பிரிவு."

கோயிலே திரும்பிப் பார்த்தது. கரோலுக்கு 'மருத்துவச் சான்று' என்ற இடத்திலேயே அணை உடைந்துவிட்டது. வயிற்றை ஒரு கையாலும் வாயை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் ஆலிஸ் செபமாலையால் அவள் முழங்காலில் தட்டினார். சிரித்து முடித்து மூச்சு வாங்கியபோதுதான் இரண்டு விஷயங்கள் உறைத்தன. இன்றைக்குத் தேதி ஐந்து. கெடு முடிந்து ஐந்து நாள் ஆகிறது. அது போகட்டும், மாதாவுக்கு எழுதியது எங்கே?

"இன்னா கரோல், நீ காட்ன மாதிரிதானே போட்டேன்?" என்றான் ஃபிரெட்ரிக், வெளியே வந்ததும். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "வியாழக்கிழமை காலைல ஆபீஸ்ல என் கையாலயே குடுத்தேன்!"

"ஐயோ ஃப்ரெட்டி, அதுல நான் என்னல்லாம் எழுதியிருக்கேன் தெரியுமா?"

எழுதியது அவளுக்கு வரிக்கு வரி ஞாபகமிருந்தது. 'தாயே, ரெண்டு பிள்ளைகளை உம்மிடம் விட்டுவிட்டேன். இதையாவது என் கையில் கொடும். ஜனவரி பதினெட்டு என்று டாக்டர் சொல்கிறார். டிசம்பர் ஒன்றிலிருந்து லீவு கேட்டிருக்கிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, எங்கள் பூசாரி ஷாகிரா மேடம். நல்லவர்தான், ஆனால் ஒன்பது வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் மனதைக் கொஞ்சம் இளக்கும்.'

மறுநாள் காலை பள்ளி அலுவலகத்தில் போய் நின்றாள். தலைமை எழுத்தர் சுவாமிநாதன் மயிலாப்பூர்க்காரர். வாசலைத் தாண்டி வந்த காகிதம் எதுவானாலும் பதிவேட்டில் ஏற்றி, தேதி முத்திரை குத்தி, எண் போடாமல் விடமாட்டார். கல்யாணப் பத்திரிகைக்கே எண் போட்ட மனிதர்.

"பிரிச்சுப் பாத்தேன், மாதாவேன்னு இருந்தது. ரெண்டு வரிக்கு மேல படிக்கலை, தப்பில்லையா?" என்றார் அவர் சங்கடத்தோடு. "ஆனா வந்த கடுதாசியாச்சே. நானூத்திப் பன்னெண்டுன்னு நம்பர் போட்டு மேடம் டேபிள்ல வெச்சுட்டேன். நீங்க வரட்டும்னுட்டா."

"கெடு முடிஞ்சுபோச்சே சார். சம்பளம் கிடையாதா இனிமே?"

"யார் சொன்னா? அது இவா வெச்சுண்ட கெடு. வருஷத்துல எண்பது நாள் வேலை பாத்திருந்தா அந்தச் சம்பளம் உங்க உரிமை. சட்டப்படி பிரசவத்துக்கு அப்புறம்கூட எழுதிக் குடுக்கலாம். லேட்டாயிடுத்துன்னு ஒண்ணும் போயிடாது." காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னைக்கே புதுசா எழுதுங்கோ. பழைய தேதி போடப்படாது, இன்னைய தேதிதான். ஏன் தாமதம்னு உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. டாக்டர் சர்டிஃபிகேட் இன்னொண்ணு வாங்கிண்டு வந்து வைங்கோ. ஒரு காப்பி எடுத்து, அதுல மேடம் கையெழுத்து வாங்காம வெளியில வராதேள். அப்படியும் மாட்டேன்னா லேபர் ஆபீஸ் இருக்கு."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, 'நான் சொன்னதாகச் சொல்லாதேள்' என்பதுபோல் பேரேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

'உள்ளதை உள்ளபடி' என்பது எழுதும்போதுதான் கஷ்டமாக இருந்தது. 'என் கணவர் தங்களுக்கான கடிதத்தைத் தவறுதலாகச் சகாய மாதாவிடம் சமர்ப்பித்துவிட்டதால்' என்று எழுதி, அவளுக்கே தாங்காமல் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்து முடித்தாள்.

ஷாகிரா மேடம் அதை இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்து வைத்தார்.

"கரோல் மிஸ், நான் வீட்டுல சிரிப்பேன்."

தரை பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது கரோலுக்கு.

"டிரஸ்ட் கமிட்டியில லேட்டுன்னு சொல்வாங்க. ஆனா இந்த லெட்டர்ல லீவு எப்பலேர்ந்துன்னு இருக்கு, குழந்தை எப்பன்னு இருக்கு. அக்டோபர் முப்பதுன்னு ஆபீஸ் சீல் இருக்கு. இதை வெச்சா யாரும் வாயே திறக்க முடியாது. விலாசம் மட்டும்தான் வேற. வெக்கட்டுமா?"

சுலபமான வழிதான். தலையை ஆட்டினால் போதும். கமிட்டியில் ஐந்து பேர். பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பதும், காகிதம் கைமாறிப் போவதும் கரோலின் கண்ணில் ஓடின.

"வேணாம் மேடம்" என்றாள். "அதுல என் பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களைக் காட்டி லீவு வாங்க மாட்டேன். லேட்டு லேட்டுதான், எனக்குச் சட்டம் போதும்."

ஷாகிரா மேடம் உறையைத் திரும்ப டிராயரில் வைத்தார்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு டீச்சர் லேட்டா குடுத்தாங்க. ரூல்ஸைக் காட்டி அனுப்பிட்டேன். அப்ப எனக்கே இந்தச் சட்டம் தெரியாது" என்றார். "நீங்க கிளாஸுக்குப் போங்க. கமிட்டியில நான் பேசிக்கறேன்."

கமிட்டி அடுத்த செவ்வாய் கூடியது. அங்கே நடந்ததைச் சுவாமிநாதன் சொல்லித்தான் கரோலுக்குத் தெரியும். பொருளாளர் பள்ளி விதியைப் படித்தாராம். மேடம் சட்டத்தைப் படித்தாராம். பொருளாளர் விதியை இன்னொரு தரம் படித்தாராம். மேடம் சட்டத்தை இன்னும் உரக்கப் படித்தாராம். கடைசியில் எல்லாருக்கும் டீ வந்தது, இருபத்தாறு வாரமும் வந்தது. தாமதமானால் சம்பளமில்லை என்ற வரியையே விதிப் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டார்கள்.

கரோல் உத்தரவைக் கையில் வாங்கி யு.கே.ஜி. ஆ பிரிவில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். எதற்கென்று தெரியாமல் முப்பது பிள்ளைகளும் கூட ஆடின.

ஆனால் சுவாமிநாதன் முகம் தெளியவில்லை. "நானூத்திப் பன்னெண்டுக்கு எதிர எடுத்த நடவடிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு. அது காலியா இருந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது" என்று மேடத்திடம் போய் முறையிட்டிருக்கிறார். புதன்கிழமை மாலை, அவரே ஒட்டிய உறையைக் கொண்டுவந்து கரோலிடம் கொடுத்தார்.

"உரியவருக்கு அனுப்பப்பட்டதுன்னு மேடம் எழுதிட்டா. நீங்களே கொண்டுபோய்ச் சேத்துடுங்கோ."

கோயில் படியில் நின்று கரோல் அதைப் பிரித்தாள். அவள் எழுத்துக்குக் கீழே, வழக்கமாக மேலதிகாரிக்குப் போகும் விண்ணப்பங்களில் எழுதுவதைப் போலவே, பச்சை மையில் மூன்று வரி இருந்தது; மாதாவுக்கு மேடம் குர்ஆனில் உள்ள பெயரை எழுதியிருந்தார்.

'மர்யம் அம்மா அவர்களுக்கு. விண்ணப்பதாரர் ஒன்பது ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டவர். இவர் கேட்பதை இந்த முறை கொடுத்துவிடுமாறு பரிந்துரைக்கிறேன்.'

கீழே கையெழுத்து. அதன்மேல் தலைமையாசிரியையின் வட்ட முத்திரை. கரோல் வேண்டுதல் பெட்டியைக் கடந்து, கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுதபடி நேரே பீடத்துக்குப் போனாள்.