மாமாவின் பெட்டிக்கு ஓர் இடம்

அப்பாவுக்குப் பாட்டுக் கச்சேரி என்றாலே ஆகாது. கோயில் திருவிழாவில் யாராவது சுருதிப்பெட்டியை எடுத்தால் போதும், கார் நிறுத்திய இடம் சரிதானா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அம்மாவையும் என்னையும் அயர்லாந்துப் பாட்டுக் கேட்க அழைத்துப் போனார். நாங்கள் குடிவந்த நகரத்தின் ஓரத்தில், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் அவரோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அயர்லாந்துக்காரர் ஒருவர், வேலை முடிந்தால் ஃபிடில் வாசிக்கிறவர், குடும்பத்தோடு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலையிடத்தில் யாருக்கும் இல்லை என்று சொல்ல அப்பாவுக்கு வராது.

எங்கள் வீட்டில் அப்போது சிரிப்புக் குறைவு. அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் காணாமல் போயிருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. சண்டை முடிந்த நாட்களில் இராணுவம் அவரைப் பேருந்தில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இறங்கியதைக் கண்டவர் யாருமில்லை. சில வருடங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குச் செய்யவேண்டிய கிரியைகளைச் செய்துவிடுவோம், உனக்கும் மனம் ஆறும் என்று அப்பா கேட்டுக்கொண்டேயிருந்தார். அம்மா மசியவில்லை. மாமாவின் படத்துக்கு மாலை போட விடவில்லை. யாரும் பாவிக்காத வீட்டுத் தொலைபேசியின் இணைப்பை வெட்டவும் விடவில்லை. மாமாவுக்கு மனப்பாடமான எங்கள் இலக்கம் அது ஒன்றுதான். அது கூடத்துச் சுவரோரம் ஒரு சின்ன மேசையில் இருந்தது. அம்மா தினமும் அதைத் துடைப்பார்.

கச்சேரி ஏவன்டேலில், ரயில் பாதைக்குப் பக்கத்து மண்டபமொன்றில் நடந்தது. ஃபிடில்காரர், கிதார் வைத்திருந்த ஓர் இளைஞர், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண், அவ்வளவுதான் குழு. அந்தப் பெண்தான் பாடினார். எல்லாப் பாட்டிலும் யாரோ கப்பல் ஏறினார்கள், யாரோ கரையில் நின்றார்கள். ஒன்றில் உருளைக்கிழங்கு நிலத்துக்குள்ளேயே அழுகிப்போனது. இன்னொன்றில் காணிக்காரன் ஆள் வைத்துக் கூரையைப் பிரித்தான். அம்மாவுக்கு அந்த உச்சரிப்புப் பிடிபடவில்லை. மருத்துவரிடமும் பள்ளிக்கூடத்திலும் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது ஒன்பது வயதான என்னுடைய வேலை என்பதால், இங்கும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

கடைசிப் பாட்டுக்கு முன் அந்தப் பெண் ஒரு பழைய வழக்கத்தைச் சொன்னார். அவருடைய ஊரில் ஒரு பிள்ளை கடல் கடந்து பிழைக்கப் போவதென்றால், முதல் நாள் இரவு அயலெல்லாம் அந்த வீட்டில் கூடுமாம். சாப்பாடு, பாட்டு, நடுவில் ஒப்பாரி. இனிமேல் காணப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியுமாம். விடிந்ததும் தெருமுனை வரை கூடப்போய் அனுப்பிவைப்பார்களாம். அந்தக் கூடலுக்கு அவர் சொன்ன பெயருக்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டேன். அவர் அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, மெல்ல, செத்தவீடு என்றார்.

"ஆள் உயிரோட இருக்கேக்கையோ?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

ஓம் என்றேன். அடுத்த நாள் கப்பல் என்பதையும் நினைவாகச் சேர்த்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்து ஆட்கள் எழும்பியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அந்தப் பெண்ணிடம் போனார். பேருந்துச் சாரதியிடம் வழி கேட்கவே கூசுகிறவர் அவர்.

"செத்தவீடு செய்தாப் பிறகும் திரும்பி வந்தவை ஆரும் இருக்கினமோ எண்டு கேள்."

கேட்டேன்.  அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஒன்றிரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்றார். வந்தவர்களை யாரும் வாசலில் நிறுத்திவைக்கவில்லை, தேநீருக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தார்கள் என்றார். நான் கேத்திலையும் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா தலையாட்டினார். 

அடுத்த கிழமை ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா ஒரே சொல்லில் செய்வம் என்றார். இத்தனை நாள் அதைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்த அப்பா, சாப்பிட்ட கையோடு அப்படியே இருந்துவிட்டார்.

ஐயர் வந்தார். தெரிந்த குடும்பங்கள் வந்தன. ஒடாஹுஹு மீன்கடையில் வாங்கிய கணவாயைப் பிரட்டி, முருங்கைக்காய்க் கறி வைத்து, பயற்றம் பணியாரம் சுட்டு, மாமாவுக்குப் பிடித்ததெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தார்கள். படத்துக்கு மாலை ஏறியது. அம்மா அழுதார். ஒரு மனுஷியிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.  அன்று எனக்குப் பயமே வரவில்லை. எனக்குத்தான் எல்லாம் விளங்கியிருந்ததே. சாப்பாடு, அயலவர், அழுகை, எல்லாம் அந்தப் பெண் சொன்ன வரிசையில்தான் நடந்தன. விமான நிலையத்தில் வந்திறங்குகிறவர்களுக்கு மாலை போடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் மாமா எங்களிடம் வரப் புறப்பட்டுவிட்டார். அன்றிரவே என் அறையில் பாதியை அவருக்காக ஒழிக்கத் தொடங்கினேன்.

அந்த மாதக் கடைசியில் தொலைபேசியை வெட்டினார்கள். அம்மாவே வயரைச் சுருட்டினார், அம்மாவே மேசையைத் தூக்கி வெளியே வைத்தார். மாமா விமான நிலையத்தில் இறங்கி எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டேன்.

"அவன் இனிக் கூப்பிடமாட்டான், பிள்ளை."

விலாசம் தெரிந்த மனிதர் எதற்குக் கூப்பிட வேண்டும், நேரே வந்துவிடுவார் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டேன். மேசை இருந்த இடம் தூசுகூட இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது.

"அம்மா, இதில மாமாவின்ர பெட்டியை வைக்கலாம்."

அம்மா அந்த இடத்திலேயே, சுவரோரம், நிலத்தில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்து, அறையை ஒழித்ததைச் சொன்னேன். மேல் கட்டில் அவருக்கு, கீழ்க் கட்டில் எனக்கு. அப்பா என்னைத் தடுக்க வாயெடுத்தார். அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"வேற என்ன வைச்சிருக்கிறாய் அவனுக்கு? சொல்லு."

ஒன்றும் குறைந்துபோகக் கூடாது என்றுதான் கேட்கிறார் என்று நினைத்தேன். அலுமாரியில் ஒரு தட்டு, என் நீலப் போர்வை, குளிருக்குத் தடித்த காலுறை, என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக அவர் நடக்கவேண்டிய வழி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோது, இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.