ஆறு நிமிட நடை

பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. விசிலு என்றால் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து ஆட்டங்களுக்கு அவர்தான் நடுவர். ஐம்பத்தொரு வயதிலும் இளவட்டங்களுக்குச் சளைக்காமல் ஓடினார். அவர் ஊதினால் எதிர்க்கோடியில் இருக்கிற கோல்கீப்பர்கூட அசையமாட்டான்.

அந்த ஆளுக்குத்தான் நுரையீரலில் புற்றுநோய் வந்தது. சிகரெட் வாடையே ஆகாதவர். பார்க்க வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல், "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் பிடிப்பீங்க?" என்று கேட்டார்கள். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கினார். பிறகு அலுத்துப்போய், "மூணு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தார்கள். நான்கு சுற்று கீமோ கொடுத்தார்கள். "நோய் போயாச்சு. இனிமே உடம்பைத் தேத்துறது உங்க கையிலதான் இருக்கு" என்றார் மருத்துவர். அந்த ஒரு வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பிசியோதெரபி பார்த்த பெண், மூன்று பந்துகள் போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்தாள். குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும்பவேண்டும்.

"இத்தனை வருஷமா ஊதித்தாம்மா பழக்கம். இப்ப இழுக்கச் சொன்னா எப்படி?" என்றார். அவளும் சிரித்தாள். முதல் பந்து ஏறியது, இரண்டாவது நடுங்கியது, மூன்றாவது அசைந்துகொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லித் தூரத்தை அளந்தாள். முதல் தடவை இருநூற்று நாற்பது மீட்டர். அவர் வெறிபிடித்த மாதிரி உழைத்தார். காலையும் மாலையும் நடை, மாடிப்படி, மூச்சுப் பயிற்சி. மனைவி துண்டும் தண்ணீருமாகப் பின்னாலேயே வந்தாள். மூன்று மாதத்தில் நானூறு மீட்டரைத் தொட்டார். அதோடு நின்றுபோனது. அடுத்த இரண்டு மாதமும் அதே நானூறு. அப்புறம் முந்நூற்று எண்பது.

"ஏம்மா குறையுது? நான் ஒரு நாள்கூட விடலையே."

அவள் மழுப்பவில்லை. "எடுத்த இடம் திரும்ப வளராது சார். நடக்கலாம், மெதுவா படி ஏறலாம், வேலைக்குப் போகலாம். ஆனா கிரவுண்டுல ஓடுறது…"

"சொல்லும்மா."

"கஷ்டம் சார்."

வீட்டில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விசிலோடு மைதானத்துக்குப் போய் நின்றார். நாற்பது வயது தாண்டியவர்கள் ஆட்டம். "பெருசுங்கதானே, நடந்துகிட்டே ஊதுங்கண்ணே" என்று கால்பந்துச் சங்கச் செயலாளர் விட்டுக்கொடுத்தார்.

பன்னிரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். அப்போது ஒருத்தன் பந்தைக் கையால் தட்டினான். நாற்பதடி பின்னால் இருந்தாலும் தெளிவாகப் பார்த்துவிட்டார். மூச்சை இழுத்தார். இருமல் முந்திக்கொண்டது. விசிலில் ஈரக்காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. யாரும் நிற்கவில்லை. பந்து கோலுக்குள் போனது.

"கையில பட்டுச்சே, ஊதலையா?" என்று கோல் வாங்கிய பக்கத்து ஆட்கள் பாய்ந்து வந்தார்கள். அவர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். கிட்டே வந்ததும் அவர்கள் குரல் இறங்கிவிட்டது.

"விடுங்கப்பா, பாவம். கோலாவே இருக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவரை என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். பாவம் என்று யாரும் சொன்னதில்லை. மீதி ஆட்டத்தைச் செயலாளர் நடத்திக்கொடுத்தார்.

அன்றோடு பயிற்சியை விட்டுவிட்டார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். "வாங்க, ரெண்டு தெரு போயிட்டு வரலாம்."

"போய் என்ன ஆகப்போகுது?"

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் செருப்பைக் கழற்றிவிடுவாள்.

அடுத்த ஸ்கேனிலும் நோய் இல்லை என்று வந்தது. மருத்துவர் கை குலுக்கினார். பேருந்தில் திரும்பும்போது மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?"

"இருக்கும். எங்க இருக்குன்னுதான் தெரியல."

பணிமனையில் அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். கேட்கிறவர்களுக்கு டயர் எண்ணைக் குறித்துக் கொடுக்கிற வேலை. வீடு மூன்றாவது மாடியில். போன வாரம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று அவர் விசாரிக்கவில்லை. முதல் நாள் அதைத் தாண்டிப் போய்விடத்தான் பார்த்தார். இப்போது தினமும் உட்காருகிறார்.