குத்தம்பாக்கம் தாண்டி ஒரு பந்தல்

போன வருடம் வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூந்தமல்லியிலிருந்து மேற்கே போய், குத்தம்பாக்கம் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்ன கிராமத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஸ்பெயினில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் இருக்கும் நாட்களில் ஒன்றும் தெரியாது. சனி, ஞாயிறுதான் கொடுமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘திங்கட்கிழமை பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு மூடிய வாய், சில வாரங்களில் திங்கட்கிழமை காலையில்தான் மறுபடி திறக்கும். மிகைப்படுத்தவில்லை. பால் பாக்கெட்கூடக் கதவில் மாட்டிய பையில் தானாக விழுந்துவிடுகிறது. எனக்கு வேறு குறை எதுவும் இல்லை. முகம் பார்த்துப் பேச ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மகள் இருக்கும் ஊரைச் சுற்றி மேடும் பள்ளமுமாகக் கோதுமை வயல்கள், நடுவில் ஜல்லி போட்ட பாதைகள். ஒவ்வொரு பாதையும் போய் முடிகிற இடத்தில் கல்லால் கட்டிய பழைய கிராமம் ஒன்று இருக்கும். அந்தப் பாதைகளில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் இருக்கிறதாம். லீவு நாளில் அதில் போய் வீடியோ எடுத்து அனுப்புவாள். “அக்டோபர்ல வாப்பா, ஒரு வாரம் சேர்ந்து ஓட்டலாம். அதுக்குள்ள நீ பழகிக்கோ” என்றாள். அந்த ஒரு வாரத்துக்காக அதே மாதிரி சைக்கிள் ஒன்று வாங்கினேன். தலைக்கவசமும் இறுக்கமான கால்சட்டையுமாக நான் லிஃப்டிலிருந்து இறங்கிய முதல் நாள், வாட்ச்மேன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அது மரியாதையா கிண்டலா என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்பெயின் இல்லாவிட்டால் என்ன, நம் பக்கத்திலும் ஜல்லிக்குப் பஞ்சமா? தார் போடுவதற்காகக் கொட்டிவிட்டு, தாரை மறந்துபோன சாலைகள் எத்தனையோ இருக்கின்றன. திருமழிசையைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஏரிக்கரை, வரப்பு, மனை பிரித்துக் கல் நட்ட நிலங்கள், திடீரென்று ஒரு பழைய சிவன் கோயில். ஞாயிறுதோறும் விடிந்ததும் கிளம்பிவிடுவேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பழகிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மகள் போன் செய்தாள். அக்டோபரில் அவளுக்கு லீவு இல்லையாம். தோழிகளோடு போவதாக வேறு ஏதோ ஏற்பாடும் இருக்கிறதாம். “அடுத்த வருஷம் பார்க்கலாம்பா” என்றாள். பரவாயில்லம்மா என்றேன். போனை வைத்துவிட்டுச் சைக்கிளைப் பார்த்தேன். ஹாலில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் சைக்கிள் மேல் வந்தது. இந்த ஒரு ஞாயிறு ஓட்டிவிட்டு விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கடைசி முறை என்பதால் வழக்கத்தைவிட அதிக தூரம் போனேன். அது தப்பு. பதினொரு மணி வெயிலில், ஏரிக்கரையை ஒட்டிய பாதையில், ஒரு கூரான கல் பின் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. பஞ்சர் போடும் பசையால் அந்தக் கிழிசலை ஒன்றும் செய்ய முடியவில்லை. பாட்டிலில் தண்ணீரும் இல்லை. யாரைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடும் அளவுக்கு எனக்கு யாரும் நெருக்கமில்லை என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

முக்கால் மணி நேரம் நடந்த பிறகு வீடுகள் வந்தன. தெருவை அடைத்துப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், சாம்பார் வாளியோடு ஓடும் ஆட்கள். தெரு முனையில் பெரிய பேனர் கட்டியிருந்தது. நான் ஏரிப் பக்கமிருந்து வந்ததால் பேனரின் முதுகுதான் தெரிந்தது. முகூர்த்த மாதம், காது குத்தோ மஞ்சள் நீராட்டோ என்று நினைத்துக்கொண்டேன்.

வாளியோடு நின்ற ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். “இன்னா சார், இந்த வெயில்ல தள்ளிகினு வர்றீங்க? வண்டிய அப்டி ஓரமா சாத்துங்க. ஒரு வா சாப்ட்டு போங்க” என்றார். மறுக்கும் நிலையில் நான் இல்லை. இலை போட்டார்கள். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். வடை, பாயசம் எல்லாம் இருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார். சாப்பிட்ட தெம்பில் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. வெயிலைப் பற்றிச் சொன்னேன், டயர் கிழிந்ததைச் சொன்னேன், பாயசத்தைப் புகழ்ந்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

“யார் வீட்டு விசேஷங்க?” என்றேன்.

“நம்ம ஊடுதான் சார்.”

“பொண்ணுக்கா, பையனுக்கா?”

அவர் என் இலையைப் பார்த்தார். “நீங்க சாப்டுங்க சார். இன்னும் கொஞ்சம் சோறு வெக்க சொல்லட்டா?” என்றார்.

கை கழுவ அண்டா வைத்திருந்த இடம் பேனருக்கு முன்பக்கம். கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். மூக்குத்தி போட்ட ஒரு பெண்மணியின் படம். கீழே, பதினாறாம் நாள் நினைவஞ்சலி என்று எழுதியிருந்தது. கணவர் என்று போட்டுப் பக்கத்தில் சின்னதாக இருந்த படத்தில், நாற்காலியில் இருந்தவர் தலையில் துண்டில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஓடிவிடவும் முடியாது, சைக்கிள் அவர் பக்கத்தில் நிற்கிறது. திரும்பிப் போய், “மன்னிச்சிக்கங்க, தெரியாம கேட்டுட்டேன்” என்றேன்.

“தெரியாம கேட்டதுதான் சார் நல்லா கீது” என்றார் அவர். “பதினாறு நாளா எல்லாரும் தெரிஞ்சிகினு பேசறாங்க. என்னாண்ட வந்தா கொரல கம்மி பண்ணிக்கிறாங்க. நீங்க ஒர்த்தர்தான் டயரு, வெயிலுன்னு சாதாரணமா பேசினீங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். என் மனைவியும் இப்படித்தான், மூன்று வருடம் ஆகிறது என்றேன். அதை வாய்விட்டு யாரிடமாவது சொல்லியே வெகுநாள் ஆகியிருந்தது. அவர் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சாயங்காலம் தெரியும். பந்தல் பிரித்த பிறகு வீடு எப்படி இருக்கும் என்று தெரியும்.

“ரேஷன் கார்டுல அவ பேர எடுக்க சொல்றாங்க. நீங்க எடுத்துட்டீங்களா சார்?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லீங்க.”

“மூணு வருஷமாவா?”

“ஆமா.”

அவர் துண்டை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு “அப்ப சரி” என்றார்.

சமையல் பாத்திரம் வாடகைக்குக் கொடுத்த கடைக்காரரின் சின்ன லோடு வண்டி பூந்தமல்லிக்குக் கிளம்பியது. அதில் என் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும்படி அவர் டிரைவரிடம் சொன்னார். நான் எழுந்தேன். காரிய வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம்மில் குழந்தைக்கும் தெரியும். பேசாமல் எழுந்து, பேசாமல் நடக்க வேண்டும். நான் அவருக்கு முன்னால் நின்று கையைக் கூப்பி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி “போயிட்டு வரேங்க” என்றேன்.

சுற்றியிருந்த பேச்சு நின்றது. அவருடைய அக்கா கையிலிருந்த கரண்டியோடு வந்துவிட்டார். “படிச்சவரு மாதிரி கீறீங்க, காரியம் நடக்கிற ஊட்ல வந்து இன்னா வார்த்த சொல்றீங்க? திரும்பி வர்ற எடமா இது?” என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. என் மனைவியின் காரியத்தன்று வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் எழுந்து போனார்கள். வாசலில் நின்று அத்தனை முதுகையும் பார்த்தவன் நான். தெரியாமல் சொல்லவில்லை. மூன்று வருடமாக வீட்டைப் பூட்டும்போது ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல உள்ளே ஆள் கிடையாது. அன்று எதிரே ஒரு முகம் இருந்தது, வாய் சொல்லிவிட்டது. இதை அந்த அம்மாவிடம் எப்படி விளக்குவது? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது.

அவர் எழுந்து வந்தார். “வுடுக்கா” என்று அக்காவைத் தள்ளி நிற்க வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்க சார். அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. நான் இங்கதான் கீறேன்” என்றார்.

சைக்கிளை விற்கவில்லை. டயர் மட்டும் மாற்றினேன். அடுத்த ஞாயிறு தயங்கித் தயங்கித்தான் போனேன். மரியாதைக்குச் சொல்லியிருப்பார், மறந்தும் இருப்பார் என்று வழியெல்லாம் நினைத்தேன். ஏரிக்கரை திரும்பியதும் தெரு முனையில் லுங்கியும் பனியனுமாக அவர் நின்றுகொண்டிருந்தார். “லேட்டு சார்” என்றார்.

இந்த ஒரு வருடத்தில் நாங்கள் பெரிதாக எதுவும் பேசிவிடவில்லை. டீ குடிப்போம். சில நாள் அவரவர் மனைவியைப் பற்றிப் பேசுவோம், சில நாள் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். திரும்பி வந்தால் என் வீடு அதே வீடுதான், சாயங்காலம் அதே சாயங்காலம்தான். அதெல்லாம் மாறிவிட்டது என்று கதை விடமாட்டேன். ஆனால் கிளம்பும்போது நான் ‘போயிட்டு வரேன்’ என்று சொன்னால், ‘வாங்க’ என்று பதில் சொல்ல இந்த உலகத்தில் ஒரு வாசலில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதை வைத்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டுகிறேன்.