சுவரில் மாட்டிய கொழுந்துக் கூடை

நுவரெலியாவில் புது வீடுகள் விற்கிற கம்பனியில் வேலை செய்கிறேன். வாங்க வருகிறவர்களுக்கு, கட்டில் சோபா எல்லாம் போட்டு வைத்திருக்கும் மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டுவேன். ஹோல் சுவரில் அழகுக்கு மாட்ட ஒரு பழைய கொழுந்துக் கூடை வேண்டும் என்றார்கள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் சுமந்த கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைப் பார்க்க அக்கரப்பத்தனையிலிருந்து அம்மாவே பஸ் ஏறி வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ஒரு மேடமும் வந்தார். கூடையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

"கயித்தத் தலையில போடணுங்க," என்று அம்மா கிட்டப் போய்ச் சரிசெய்தார்.

"இவங்க யாரு?" மேடம் என்னிடம் கேட்டார்.

"பக்கத்துத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. வர்றவங்களுக்குக் காட்ட நாங்கதான் வரச் சொன்னோம்."

யோசிக்கக்கூட இல்லை, சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மேடத்துக்குப் பக்கத்தில் நின்று, இல்லாத கொழுந்தைக் கிள்ளிக் கூடைக்குள் போட்டுக் காட்டினார். கிளம்பும்போது என்னிடம், "வர்றேங்க மிஸ்," என்றார்.

அன்று மாலை தோட்டத்து லயத்து வரிசையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

"அந்த மேடம் வீட்ட வாங்கிட்டாங்களா பாப்பா?"

"வாங்கிட்டாங்கம்மா."

கூடையையும் சேர்த்துத்தான் வாங்கினார் என்பதை இன்னும் நான் சொல்லவில்லை.