மனிதர் போகாத காட்டின் மந்திகள்

போர்நிறுத்தத்தோடு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது பாதை திறந்து இரண்டு வருடங்கள் கழிந்திருந்தன. நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அம்மாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார். அதனால் என் ஆய்வு எதைப் பற்றியது என்று வீட்டில் விளங்கப்படுத்துவது எனக்குப் பெருமையான வேலையாக இருந்தது.

"மந்திப் பீயோ?" என்று அம்மா கேட்டா.

"எச்சம், அம்மா. அதுக்குள்ளை இருக்கிற பற்றீரியாவைப் பாக்கப் போறன்."

"பேரை மாத்தினால் மணம் போமோ?"

மந்தி, அதாவது கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ள சாம்பல் குரங்கு, பெரும்பாலும் இலை தின்னும் சீவன். அந்த இலையைச் செமிக்க வைப்பவை அதன் வயிற்றுக்குள் வாழும் பற்றீரியாக்கள். காட்டை வெட்டினால் தளிரும் பாலைப்பழமும் வீரைப்பழமும் குறையும். மந்தி தோட்டத்துக்கும் குப்பைக்கும் வரும். சாப்பாடு மாறினால் வயிற்றுக்குள் குடியிருப்பவையும் மாறவேண்டும். எச்சத்தை எடுத்துத் தட்டில் வளர்த்து, அப்படி மாறுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன். எங்கள் வகுப்பில் மற்றவர்கள் நுளம்புக் குடம்பிக்கு, தேங்கிய தண்ணீரில் நெளியும் கொசுப்புழுவுக்கு, பின்னால் போயிருந்தார்கள்.

இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. மனிதர் புகுந்து குழப்பிய காட்டுக் கூட்டம் சுலபமாகக் கிடைத்தது. திரும்பி வந்த சனத்துக்காகப் புல்டோசர் போட்டுக் காணி வெளியாக்கிய இடத்தில், அவை கூரையில் இருந்து பாண் துண்டு தின்றுகொண்டிருந்தன. குழம்பாத காட்டுக்கு, ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் காட்டைத் தெரிவு செய்தேன். படமும் கீறிக்கொண்டு, ஆய்வை மேற்பார்வை செய்த சேரிடம் போனேன்.

"இதுக்குள்ளை ஆக்கள் இருந்தவையோ?" என்று சேர் கேட்டார்.

"ஓம் சேர். கிளிநொச்சி இடம்பெயர்வோடை வந்த சனம் ரெண்டு வருசம் இருந்தது. நாங்களும்தான். இப்ப மரமெல்லாம் கூடிப்போச்சு."

"மரம் கூடியிருக்கும். தாயிட்டை இருந்து குட்டிக்குப் போற பற்றீரியாவும் திரும்பி வந்திட்டுது எண்டு உமக்கு என்னண்டு தெரியும்? அதுவும் குழம்பின காடுதான். மனிசர் போகாத காட்டுக் கூட்டம் ஒண்டு வேணும். விடுமுறை முடியிறதுக்குள்ளை கிடைக்காட்டில் நீரும் நுளம்புக்கு மாறும்."

அவர் சொன்னது சரி என்று பஸ்ஸில் வரும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் 'குழம்பின காடு' என்ற அந்தச் சொல் என்னோடு வீடுவரை வந்தது. வீடு கட்டுவதற்கு முன், அந்தக் காட்டில் ஒரு வீரை மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டித்தான் நாங்கள் இருந்தோம். அங்கே இருந்துதான் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். தடி வெட்டினோம், மலக்குழி கிண்டினோம், மிஞ்சியதை எறிந்தோம்.

"நாங்கள் காட்டைக் குழப்பினமாம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஆர் சொன்னது? மந்தி போய் முறைப்பாடு வைச்சதோ?" அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "நிவாரணக் கோதுமை மாவிலை சுட்ட ரொட்டியைச் சட்டியோடை தூக்கிக்கொண்டு ஓடினது அது. நான் அதின்ரை இலையைப் பறிச்சுத் திண்டனானோ?"

மனிதர் போகாத காட்டைத் தேடி நானும் அம்மாவும் சைக்கிளில் அலைந்தோம். குமர்ப்பிள்ளையைத் தனியே காட்டுக்கு விட அம்மா சம்மதிக்கவில்லை. சேரின் மேசையில் இருந்தபோது தெரியாத ஒன்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கால் வைக்கக்கூடிய காடு எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். விறகு, தேன், வேட்டை, இல்லாவிட்டால் இடம்பெயர்வு. ஆட்கள் போகாத காடும் இருந்தது. பழைய போர் முன்னரங்குப் பக்கம், மிதிவெடி இருக்கிறதென்று சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறி, ஓரமெல்லாம் சிவப்பு முனைத் தடி நட்டிருந்தார்கள். அதற்குள் யாரும் போவதில்லை. நானும் போக முடியாது.

விடுமுறை முடியும் தறுவாயில் அந்தக் காட்டின் விளிம்பில் இருந்த குளக்கட்டால் வந்துகொண்டிருந்தோம். கோடை. குளத்தின் நடுவில்தான் கொஞ்சத் தண்ணீர் கிடந்தது. மந்திக் கூட்டமொன்று சிவப்புப் பலகைகளுக்கு மேலால் மரத்துக்கு மரம் தாவி வந்து, இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பியது. உள்ளே நீர் வற்றியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் தோட்டமோ குடிமனையோ இல்லை. நான் சைக்கிளை நிறுத்தினேன்.

"அவை வெளியிலை வருகினம், அம்மா. நான் உள்ளை போகத் தேவையில்லை."

அடுத்த நாள் விடியவே குளக்கட்டில் போய் இருந்தோம். கட்டிலே நின்ற மருத மரத்துக்கும் அவை வரும் என்பது என் கணக்கு. வந்தவை எல்லாம் தடிகளுக்கு அப்பால் நின்ற பாலையில் ஏறி இருந்தன. எச்சமும் அங்கேயே விழுந்தது. பத்தடி இருக்காது. ஈரமாக, நல்ல மாதிரி. காய்ந்தால் உதவாது. நான் எழும்பி நின்றேன்.

"இரு" என்றா அம்மா. என் பாவாடைக் கரை அவவின் கைக்குள் இருந்தது.

"நான் பாக்கத்தான் எழும்பினனான்."

"இருந்துகொண்டும் பாக்கலாம். அந்தத் தடிக்கு அங்காலை உன்ரை கால் போனால் சைக்கிளை வித்துப்போட்டு உன்னைத் தையலுக்கு விடுவன்."

காலில்லாமல் தையல் மெசின் மிதிக்க ஏலாது என்று சொல்ல வாய் வந்தது. திரும்ப இருந்தேன். அந்த எச்சம் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே காய்ந்தது.

மூன்று விடியல்கள் அப்படிப் போயின. நுளம்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தேன். நாலாம் நாள், குட்டியை வயிற்றில் தொங்கவிட்டபடி ஒரு தாய் மந்தி மருதத்துக்குத் தாவியது. மற்றவையும் பின்னால் வந்தன. கட்டின் மேல், சனம் நடந்து தேய்ந்த மண்ணில், எனக்குத் தேவையானது விழுந்தது. கையுறை போட்டுக் கரண்டியால் அள்ளினேன். அம்மா மூக்கைப் பொத்தியபடி போத்தலைப் பிடித்தா.

வெளியாக்கிய காணிக் கூட்டத்தினதும், ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் வீட்டுப் பின்காட்டுக் கூட்டத்தினதும் எச்சத்தையும் அன்று காலையிலேயே எடுத்து, ஐஸ்பழக்காரரிடம் ஐஸ் வாங்கிப் பெட்டியில் அடைத்து யாழ்ப்பாணத்துக்கு, பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டோம். முகமாலை இராணுவச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். வெயிலுக்குள் வரிசை நீண்டிருந்தது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சோதித்த இராணுவப் பெண்ணுக்கு என் தமிழும் ஆங்கிலமும் போதவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த சிங்களச் சொற்களில் ஒன்று 'வந்துரா', மந்தி. அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தைக் கையால் காட்டினா. அந்தப் பெண் மூடியைத் தானே மூடி, போகச் சொல்லிக் கைகாட்டினாள்.

நான் பாவித்த வளர்ப்புக் கூழில் மனிதக் குடலிலும் வாழும் சில வகைகள் இளஞ்சிவப்பாக வளரும். வெளியாக்கிய காணிக் கூட்டத்தின் தட்டுகள் இளஞ்சிவப்பால் நிரம்பியிருந்தன, வேறு வகைகள் குறைவு. மிதிவெடிக் காட்டுக் கூட்டத்தில் இளஞ்சிவப்பு அங்குமிங்குமாகத்தான், மற்றதெல்லாம் பல நிறம், பல வடிவம். எங்கள் வீட்டுப் பின்காட்டுக் கூட்டம் இரண்டுக்கும் இடையில் நின்றது. தட்டில் வளராத பற்றீரியாக்களே அதிகம், இதை வைத்துப் பெரிய முடிவு கட்டக்கூடாது என்றார் சேர். அப்படியே எழுதினேன். நுளம்புக்கு மாறச் சொல்லவில்லை.

மூன்றாம் இடத்துக்கு மனிதர் ஏன் போவதில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மிதிவெடி என்று எழுதினேன். இரண்டாம் இடத்துக்கு, இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்து, இப்போது மீண்டு வரும் காடு என்று எழுதினேன். இரண்டையும் அவர் வெட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"எங்கடை மந்தியள் என்ன மாதிரி?"

"நடுவிலை."

"அவ்வளவு சனம் இருந்தும் நடுவிலை எண்டால் குறை சொல்ல ஏலாது." துருவலை ஒதுக்கிவிட்டு, "நாங்கள் இருந்ததையும் எழுதினியோ?" என்றா.

"எழுதினன்."

"அப்ப ரொட்டியையும் எழுது."

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கூட்டம் முன்பு என்ன தின்றது என்பது ஆய்வுக்குத் தேவையான விசயம்தான். அன்றிரவே சேர்த்துவிட்டேன்: இலை, வீரைப்பழம், பாலைப்பழம், கோதுமை மா ரொட்டி.